அம்மாவை உட்காரவைத்த கதை

சின்னவள் அன்று பொய் சொல்ல வேண்டுமென்று நினைத்து வகுப்புக்குப் போகவில்லை. இறந்தகாலம் நடத்தத்தான் போனாள்.

வீட்டில் அவளுக்கு ஒரே அண்ணன். அவன் பெரியவன், இவள் சின்னவள். சொந்தபந்தம் முழுக்க அந்தப் பெயர்தான். கடல் தாண்டி வந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகு 'டீச்சர்' என்று இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் ஒரு நீளமான அறை. எழுதும் மார்க்கரும் எழுதாத மார்க்கரும் கலந்து கிடக்கும் ஒரு டப்பா, சாய்த்தால் முனகும் நாற்காலிகள், வேலை முடிந்து வருகிற பெரியவர்களுக்கான சாயங்கால வகுப்பு. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு லிஃப்ட் மெக்கானிக், இன்னும் நாலைந்து பேர். லிஃப்ட் மெக்கானிக் ஊரில் பாதி லிஃப்டைச் சரிபார்ப்பவர். ஆனால் அந்தக் கட்டடத்தில் பழுதாகிக் கிடக்கும் லிஃப்ட் வேறு கம்பெனிக்காரர்களுடையது. "தொட்டா வம்பு டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே மூச்சிரைக்கப் படியேறி வருவார்.

அன்றைக்குப் பாடம் 'யூஸ்ட் டு'. முன்பெல்லாம் இப்படிச் செய்வோம், அப்படிச் செய்வோம் என்று பழைய வழக்கங்களைச் சொல்லும் வாக்கியங்கள். ஆண்டு விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்ததால், சின்ன வயதில் உங்கள் வீட்டில் பண்டிகை எப்படி இருக்கும் என்று சொல்லச் சொன்னாள். தபால்காரர் தன் அப்பா முந்தின நாளே வீட்டிலுள்ள எல்லாருடைய செருப்பையும் துடைத்து வாசலில் வரிசையாக வைப்பார் என்றார். மருந்துக்கடைப் பெண், ரயிலில் அத்தை வீட்டுக்குப் போவோம், ஒவ்வொரு தடவையும் தம்பி ஒரே ஸ்டேஷனில் வாந்தி எடுப்பான் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிச் சொன்னாலும், சொந்தக் கதை என்றால் யாருக்கும் வார்த்தை தானாக வந்துவிடுகிறது.

"இப்போ டீச்சர் சொல்லணும்" என்றாள் மருந்துக்கடைப் பெண்.

சின்னவள் பலகைப் பக்கம் திரும்பி, 'என் அம்மா' என்று எழுத ஆரம்பித்தாள். அடுத்து என்ன என்று யோசிக்கவில்லை. கை தானாக எழுதிவிட்டது: 'என் அம்மா நின்றுகொண்டே இருப்பார்.'

உண்மை அதுதான். பண்டிகை என்றால் விடிவதற்கு முன்னே அடுப்பு முன்னால் நிற்க ஆரம்பிக்கும் அம்மா, அப்பாவுக்கு, அண்ணனுக்கு, வந்துபோகும் உறவுக்கெல்லாம் நின்றபடியே பரிமாறுவாள். அப்பா முதல் வாய் எடுத்து வைத்துவிட்டு, "உப்பு போட்டியா?" என்று கேட்பார். எந்த வருஷமும் அந்தக் கேள்வி தப்பியதில்லை. கடைசியாக அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து பாத்திரத்திலிருந்தே வழித்துச் சாப்பிடும்போது மற்றவர்கள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்திருப்பார்கள்.

தபால்காரர் பலகையைப் படித்துவிட்டு நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். "ஏன் டீச்சர் நின்னாங்க? உங்க வீட்ல நாற்காலி இல்லையா?"

வகுப்பு சிரித்தது. யாரும் கேலியாகச் சிரிக்கவில்லை. ஆனால் சின்னவளுக்குக் காது சூடாகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் தான் பிறந்த வீடும் அத்தனை பேர் முன்னால் பலகையில் அம்மணமாக நிற்பதுபோல இருந்தது.

"இருங்க, இன்னும் முடிக்கலை" என்றாள். நின்றுகொண்டே இருப்பார் என்பதை அழித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். பண்டிகை அன்று சமையல் முடிந்ததும் அப்பா ஒரு நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போடுவார். அம்மாவை அதில் உட்காரவைப்பார். அந்த வருஷம் அம்மா செய்த நல்ல காரியம் ஒன்றை வீட்டில் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதலில் அப்பா சொல்வார். உட்கார்ந்திருப்பவர் 'அதெல்லாம் ஒண்ணுமில்லை' என்று மறுத்துப் பேசக் கூடாது. எல்லாரும் சொல்லி முடித்த பிறகுதான் சாப்பாடு.

எங்கிருந்து வந்ததோ, கண், காது, மூக்கெல்லாம் வைத்து முழுசாக வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. மருந்துக்கடைப் பெண் எழுதிக்கொண்டாள். "நல்ல அப்பா" என்றார் தபால்காரர். லிஃப்ட் மெக்கானிக் மட்டும், "மறுத்துப் பேசக் கூடாதா? ஒரு வார்த்தைகூடவா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

விடுமுறை முடிந்து திரும்பிய முதல் வகுப்பில் அவர் ஏன் கேட்டார் என்று தெரிந்தது.

"செஞ்சேன் டீச்சர்" என்றார். பண்டிகை அன்று மனைவியை நாற்காலியில் உட்காரவைத்தாராம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் எதையும் பாராட்டிச் சொன்னதில்லையாம். வாயே வராதாம். "நான் பேசற ஆளு இல்ல. மெஷினோடயே இருந்து பழகிட்டேன். எங்க டீச்சர் ஊர்ல இது வழக்கம்னு சொல்லி ஆரம்பிச்சேன். அவ முதல்ல சிரிச்சா. அப்புறம் அழுதா. அப்புறம், நான் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச ஒரு தப்பை எடுத்து வெச்சு ஒரு பிடி பிடிச்சா. ஆனா நல்லா இருந்துச்சு."

வகுப்பு கைதட்டியது. அவர் எழுந்து நின்று, ஆசிரியர் முன்னால் நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, "உங்க அப்பாவுக்கு நன்றி" என்று சின்னவளைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா போய் மூன்று வருஷமாகிவிட்டது என்றோ, அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்றோ அப்போது சொல்லியிருக்கலாம். சின்னவள் சிரித்து வைத்தாள். அன்று படியிறங்கும்போது திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக இருந்தது. கத்தவும் முடியாது, தடவிக்கொள்ளவும் முடியாது.

அடுத்த மாதங்களில் அந்தக் கதை அவளை விடவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழையவர்கள் அதைச் சொன்னார்கள். நல்ல வீட்டில் பிறந்த டீச்சர் என்று மரியாதை கூடியது. அந்த மரியாதை இனிப்பாகவும் இருந்தது என்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அம்மா வந்தாள்.

பெரியவனோடும் அண்ணியோடும் ஊரில் இருக்கும் அம்மா முதல் தடவையாக விமானம் ஏறி, மகளோடு சில மாதம் இருக்க வந்தாள். வந்த மறுநாளே அடுப்பைத் தன் வசம் எடுத்துக்கொண்டாள். "இது என்னடி அடுப்பு, நெருப்பே தெரியல" என்று திட்டிக்கொண்டே சமைத்தாள். அம்மா வந்திருக்கிறாள் என்று சின்னவள் வகுப்பில் வாய்விட்டிருக்கக் கூடாது. "எப்போ பாக்கலாம்?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். உடம்பு சரியில்லை, வெளியே போயிருக்கிறாள் என்று எத்தனை நாள்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது?

ஊர்ப் பண்டிகை ஒரு சனிக்கிழமை வந்தது. அம்மா கிடைத்த மாவையும் சர்க்கரையையும் வைத்துப் பலகாரம் செய்துகொண்டிருந்தாள். அழைப்பு மணி அடித்தது. சின்னவள் கதவைத் திறந்தால், தபால்காரர் பூங்கொத்தோடு நிற்கிறார். பின்னால் மருந்துக்கடைப் பெண், லிஃப்ட் மெக்கானிக், அவருக்கும் பின்னால் அவருடைய மனைவி. எல்லாரும் நல்ல துணி உடுத்தியிருந்தார்கள்.

"இன்னைக்குத்தானே உங்க பண்டிகை? போன்ல தேடிக் கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள் மருந்துக்கடைப் பெண், பரிசு வாங்கிய குழந்தை மாதிரி.

உள்ளே விடாமல் இருக்க முடியுமா? ஒற்றை அறை வீடு. இருப்பது இரண்டு நாற்காலி. ஒன்றில் துணி குவிந்து கிடந்தது. லிஃப்ட் மெக்கானிக் யாரையும் கேட்காமல் இன்னொன்றைத் தூக்கி அறையின் நடுவில் போட்டார். அவர் மனைவி சமையலறைக்குள் போய், மாவு ஒட்டிய கையோடு இருந்த அம்மாவைத் தோளைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"என்னடி இது? யாருடி இவங்க? என்னை எதுக்கு உக்காரச் சொல்றாங்க?"

"என்கிட்ட படிக்கிறவங்கம்மா. உங்களைப் பாக்க வந்திருக்காங்க. சும்மா உக்காருங்க."

அம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். லிஃப்ட் மெக்கானிக் முன்னால் வந்து நின்று, ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை ஆங்கிலத்தில் சொன்னார். தன் வீட்டைப் பற்றி, மனைவியைப் பற்றி, நாற்காலியைப் பற்றி. நெடுநேரம் பேசினார். பேசி முடித்து, இப்போது நீங்கள் மொழிபெயருங்கள் என்பதுபோல் சின்னவளைப் பார்த்தார்.

"நீங்க வந்தது ரொம்ப சந்தோஷமாம்மா" என்றாள் சின்னவள்.

"இவ்வளவு நேரம் பேசினாரு. இவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

அம்மா சந்தேகமாகப் பார்த்தாள். அப்போது மருந்துக்கடைப் பெண் போனை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் மண்டியிட்டாள். அம்மாவோடு நேரடியாகப் பேச வேண்டுமென்று மொழிபெயர்க்கும் செயலியைத் தயார்செய்து வைத்திருந்தாள். அவள் ஆங்கிலத்தில் பேச, போன் செய்தி வாசிப்பதுபோல ஒரு பெண்குரலில் தமிழ் பேசியது.

"ஒவ்வொரு பண்டிகை நாளிலும் உங்கள் கணவர் உங்களை நாற்காலியில் அமரவைத்து நன்றி கூறினார். இதை ஆசிரியை எங்களுக்குக் கற்பித்தார். உங்கள் கணவர் மிகச் சிறந்த மனிதர்."

சின்னவளுக்கு எண்சாண் உடம்பும் ஒரு சாணாகிவிட்டது. போனைப் பிடுங்கலாமா என்று தோன்றியது. அதற்குள் அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை அது. தெருவில் தூரத்தில் வருகிறவர் தெரிந்தவர்தானா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

பிறகு அம்மா போனைப் பார்த்துக் குனிந்து, அது செவிட்டுக் கிழவி என்பதுபோல் உரக்கச் சொன்னாள்: "ஆமாம்மா. ரொம்ப நல்ல மனுஷன்."

போன் அதை ஆங்கிலத்தில் சொன்னது. எல்லார் முகமும் மலர்ந்தது. தபால்காரர் கேட்டார்: "அவர் உங்களைப் பத்திச் சொன்னதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

போன் தமிழில் சொல்லி முடித்தது. அம்மா மாவு ஒட்டிய விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தாள். "உப்பு சரியா இருக்குன்னு சொன்னாரு" என்றாள்.

அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். எவ்வளவு எளிமையான மனுஷர் என்றார் தபால்காரர். சின்னவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் பலகாரம் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று ஆளுக்கொரு தடவை சொல்லி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மா கடைசி வரை எதையும் மறுத்துப் பேசவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தபோது அம்மா தொட்டியில் தட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் பக்கத்தில் போய் நின்று ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"எதுக்குடி அப்படிச் சொன்ன?"

"வாய் தவறி வந்துடுச்சும்மா."

"வாய் தவறினா ஒரு வார்த்தை தவறும். ஒரு வீட்டையே கட்டிக் குடித்தனம் வெச்சிருக்கியே."

"அசிங்கமா இருந்துச்சும்மா. எல்லாரும் அவங்கவங்க வீட்டைப் பத்தி நல்லதா சொன்னாங்க. எனக்கு…" துணியை மடித்துப் பிரித்தாள். "மன்னிச்சுடுங்கம்மா."

அம்மா ஒரு தட்டைக் கழுவி நீட்டினாள். "அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன். பொய்தானே சொன்ன? பொய்க்கு என்ன பஞ்சம்? உக்காரவெச்சது நான்தான், எங்கம்மாவை நான்தான் உக்காரவெச்சேன்னு சொல்லியிருக்கலாம்ல? அதுக்கு மட்டும் வாய் தவறலையா? பொய்லகூட நல்ல பேரு உங்கப்பாவுக்குத்தானா?"

சின்னவள் துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தாள். உண்மையில் அப்படி ஒன்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கற்பனையில்கூட அம்மாவை உட்காரச் சொல்ல அவள் எழுந்து வரவில்லை. தன் அறைக்குள்ளேயே இருந்துவிட்டாள். கல்லூரி படிக்கும்போது பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலப் புத்தகம் படிப்பாள். எப்போதாவது சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தால் அம்மா, "நீ போய்ப் படி" என்பாள். சரி என்று போய்விடுவாள். அப்படிப் படித்த ஆங்கிலம்தான் இன்று இந்த ஊரில் சோறு போடுகிறது.

"அப்பா மேல உங்களுக்குக் கோபமாம்மா?"

"அவருக்குத் தெரியாதுடி. சாப்பாடு தட்டுக்கு எப்படி வருதுன்னு தெரியாத மனுஷன். தெரியாதவர் மேல என்ன கோபப்படறது." குழாயை மூடினாள். "நான் நிக்கறதை அந்த வீட்ல யாரும் பாக்கலைன்னு நெனச்சிட்டிருந்தேன். இவ்வளவு வருஷமா அப்படித்தான் நெனச்சேன். நீ பாத்திருக்க."

அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்திருந்தால் சின்னவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அம்மா வழக்கம்போல் சமைத்தாள், வழக்கம்போல் "சாப்ட்டியா?" என்றாள். "நீங்க முதல்ல உக்காருங்கம்மா, நான் போடறேன்" என்று சின்னவள் சொன்னபோது, "பாடம் நடத்தாத" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். பரிமாறத் தெரியாமல் சின்னவள் குழம்பைச் சிந்தினாள்.

அடுத்த வகுப்பில் உண்மையைச் சொல்லிவிட்டாள். பாடம் ஆரம்பிப்பதற்கு முன்னால், நின்றபடியே சொன்னாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததில்லை. எங்கள் ஊரிலும் இல்லை. அம்மா நின்றுகொண்டுதான் இருந்தாள். வெட்கப்பட்டுக்கொண்டு நான்தான் கட்டிச் சொன்னேன்.

"ஆனா அம்மா ஆமான்னு சொன்னாங்களே?" என்றாள் மருந்துக்கடைப் பெண்.

"எனக்காகச் சொன்னாங்க."

நாற்காலிகள் முனகின. தபால்காரர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லார் வீட்லயும் கொஞ்சம் கட்டித்தான் சொல்லுவாங்க. எங்கப்பா எல்லார் செருப்பையும் துடைக்கலை. அவர் செருப்பை மட்டும்தான் துடைச்சார்" என்றார். சிலர் சிரித்தார்கள். சின்னவளுக்கும் ஒரு மூச்சு வந்தது.

லிஃப்ட் மெக்கானிக் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நான் பேசற ஆளு இல்லன்னு உங்ககிட்ட சொன்னேன். வழக்கம்னு நீங்க சொன்னதாலதான் எனக்குத் தைரியம் வந்துச்சு. வழக்கம்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. என் மனைவிகிட்டயும் அப்படிச் சொல்லித்தான் ஆரம்பிச்சேன். இப்போ போய் அது பொய்னு சொன்னா, அன்னைக்கு நான் பேசினதும் பொய்யான்னு கேப்பா. சொல்லாம இருந்தா எனக்கும் ஒரு பொய் சேர்ந்துடுச்சு. நீங்க குடுத்தது."

"நான் வேணும்னா அவங்ககிட்ட வந்து…"

"வேண்டாம் டீச்சர்." மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார். படியிறங்கும் சத்தம் கீழ்வரை கேட்டது.

அதன்பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. ஒருநாள் வங்கிக் கட்டடத்தில் அவரைப் பார்த்தாள். லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நிமிர்ந்து, "நல்லா இருக்கீங்களா டீச்சர்? அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். அவள் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம்தான், ஒரு பிழை இல்லை. உங்கள் மனைவியிடம் சொன்னீர்களா என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. "படியில போங்க, இதுக்கு இன்னும் நேரமாகும்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி குனிந்துகொண்டார்.

அம்மா ஊருக்குத் திரும்பிச் சில மாதம் கழித்து அடுத்த பண்டிகை வந்தது. அன்று மதியம் பெரியவன் கூப்பிட்டான். குரலில் பாதி சிரிப்பு, பாதி புகார்.

"அம்மாவுக்கு என்ன சொல்லிக் குடுத்து அனுப்பின? ஆளே மாறிட்டாங்க. சாப்பாடு எடுத்து வெச்சதும் மாமாவுக்கெல்லாம் முன்னாடி முதல் ஆளா உக்காந்துட்டு, 'எனக்கும் போடுங்க'ங்கறாங்க. மாமா முகத்தைப் பாக்கணுமே!"

சின்னவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அம்மா தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் பாத்திரம் நகர்த்தும் சத்தமும், யாரோ அப்பளமோ எதுவோ இன்னொன்று கேட்கும் குரலும் வந்தன.

"யாரு பரிமாறினா?" என்று கேட்டாள்.

"வேற யாரு? உங்க அண்ணிதான்."

"அண்ணி சாப்ட்டாங்களா?"

"சாப்பிடுவா, சாப்பிடுவா. எல்லாரும் முடிக்கட்டும். அவளுக்கென்ன?"

அப்பாவின் குரலே போனில் வந்ததுபோல இருந்தது. அண்ணனைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். திட்டுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று மூடிக்கொண்டாள். அம்மாவும் அந்தப் பந்தியில்தானே உட்கார்ந்திருக்கிறாள்.

"போனை அண்ணிகிட்ட குடு."

கொஞ்ச நேரம் கழித்து அண்ணியின் குரல் வந்தது. "சொல்லும்மா. அத்தைகிட்ட குடுக்கணுமா?"

"இல்ல அண்ணி. உங்ககிட்டதான் பேசணும்."

"என்கிட்டயா?" அண்ணியின் குரலில் பயம் தட்டியது. "ஏன்ம்மா, என்ன ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

இத்தனை வருஷத்தில் அண்ணியைக் கேட்டு அவள் ஒரு தடவைகூடப் போன் செய்ததில்லை. அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லத்தான் அண்ணி. வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவளுக்கு இப்போது ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

"ஒண்ணுமில்ல அண்ணி. சாப்ட்டீங்களான்னு கேக்கத்தான்."

"இனிமேதான்."

"அடுத்த பண்டிகைக்கு நான் ஊருக்கு வரேன் அண்ணி. லீவு கேட்டு வாங்கிட்டு வரேன்."

"வாம்மா. வந்தா நல்லதுதான். ஒரு கை கூடும்."

"எனக்கு ஒண்ணும் செய்யத் தெரியாது அண்ணி."

"அது எனக்குத் தெரியும்மா" என்றாள் அண்ணி.

அதைச் சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்ததா, பிரியம் இருந்ததா என்று சின்னவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதற்குள் கூடத்திலிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். "வெச்சுடறேம்மா" என்று அண்ணி போய்விட்டாள்.